ஹெட்செட் ஓட்டை எங்கே போனது?

ஒலி, காந்தவியல், மின்னோட்டம் ஆகிய மூன்று பாடங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு துணைக்கருவியை வகுப்புக்குக் கொண்டுபோகலாம் என்றால், நான் பழைய ஹெட்செட் ஒன்றைத்தான் எடுத்துச் செல்வேன். விலை குறைவு. உடைந்தால் இன்னும் நல்லது, உள்ளே இருக்கும் காந்தத்தையும் கம்பிச்சுருளையும் பிரித்துக் காட்டலாம். அப்படிக் காட்டும்போது சில ஆண்டுகளாக மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏனுங்க சார், எங்க வீட்டுப் புதுப் போன்ல ஹெட்செட் ஓட்டையே இல்லைங்க. அதை எதுக்குங்க எடுத்துட்டாங்க?"

நான் கோவை சரவணம்பட்டி வட்டாரத்தில் பணிபுரியும் அறிவியல் ஆசிரியர். இந்தக் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பிவிட முடியும். ஆனால் இதற்குள் இயற்பியலும் பொருளியலும் குடிமை உணர்வும் சேர்ந்து கிடக்கின்றன. நம் வகுப்பறையின் கேட்டல் பயிற்சிகளையும் இது நேரடியாகத் தொடுகிறது. எனவே சற்று விரிவாகப் பார்ப்போம்.

துளையின் கதை

செல்போனில் இருந்த அந்த வட்டத் துளையின் முன்னோர் தொலைபேசி நிலையங்களில் இருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஒருவரின் அழைப்பை இன்னொருவருக்கு இணைக்க, இணைப்பாளர் ஒரு கம்பியின் முனையைப் பலகையில் உள்ள துளையில் செருகுவார். அந்தச் செருகியின் தடிமன் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். இன்றும் மின்கிதாரிலும் மேடை ஒலிபெருக்கிகளிலும் அதே அளவு செருகியைக் காணலாம். டிரான்சிஸ்டர் வானொலி வந்தபோது கருவி சிறியதானது, செருகியும் 3.5 மில்லிமீட்டராகச் சுருங்கியது. 1979இல் சோனி நிறுவனத்தின் வாக்மேன் வெளிவந்த பிறகு 3.5 மில்லிமீட்டர் என்பது உலகம் முழுவதற்குமான அளவாகிவிட்டது.

செருகியை உற்றுப் பார்த்தால் கறுப்பு வளையங்கள் தெரியும். அவை மின்கடத்தாப் பொருளால் ஆனவை. அவற்றுக்கு இடையே உள்ள உலோகப் பகுதிகள்தாம் தனித்தனி மின்தொடுகைகள். இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் மூன்று தொடுகைகள்: இடக்காது, வலக்காது, இரண்டுக்கும் பொதுவான திரும்பும் வழி. மூன்று வளையம் இருந்தால் நான்காவதாக மைக் சேர்ந்திருக்கிறது என்று பொருள். இதில் மைக்கையும் பொதுக் கம்பியையும் எந்த இடத்தில் வைப்பது என்பதில் இரண்டு முறைகள் நிலவின. சில பழைய ஹெட்செட்டுகள் சில போன்களில் கரகரவென்று ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தத் துளையின் வழியே வெளிவருவது ஒலியைப் போலவே ஏறி இறங்கும் மின்னோட்டம். அது காதுக்குள் இருக்கும் கம்பிச்சுருளில் பாய்ந்து, காந்தத்தின் அருகே சவ்வை அதிரவைக்கிறது. இதற்கு மென்பொருள் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், தனி மின்கலமும் வேண்டாம். யார் செய்த ஹெட்செட்டும் யார் செய்த போனிலும் வேலை செய்யும். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முழு விவாதமும் அதைச் சுற்றித்தான் நடக்கிறது.

யார், எப்போது எடுத்தார்கள்?

பெரும்பாலோர் ஆப்பிள் நிறுவனத்தைத்தான் சொல்வார்கள். ஆனால் அதற்கு முன்பே சிலர் எடுத்துவிட்டார்கள். ஒப்போ நிறுவனத்தின் ஆர்5 2014இலேயே துளையில்லாமல் வந்தது. இந்தியச் சந்தையில் 2016 ஜூன் மாதம் லீஈகோ என்ற சீன நிறுவனம் துளையில்லாத போன்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

உலகமே பேசத் தொடங்கியது 2016 செப்டம்பர் 7 அன்று. ஐபோன் 7 அறிமுகமான அந்த மேடையில், துளையை நீக்கியதற்குக் காரணம் சொன்ன ஆப்பிள் அதிகாரி ஃபில் ஷில்லர், 'துணிச்சல்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அதே மேடையில் கம்பியில்லா ஏர்பாட்ஸும் அறிமுகமானது. அமெரிக்காவில் அதன் விலை 159 டாலர்.

போட்டி நிறுவனங்கள் முதலில் கேலி செய்தன. கூகுள் 2016 அக்டோபரில் தன் முதல் பிக்சல் போனை விளம்பரப்படுத்தியபோது, அதில் துளை இருப்பதைப் பெருமையாகச் சொன்னது. அடுத்த ஆண்டே பிக்சல் 2இல் அது இல்லை. ஒன்பிளஸ் 2018இல் 6டி போனில் எடுத்தது. சாம்சங்கும் ஆப்பிளைக் கிண்டலடித்துவிட்டு, 2019 ஆகஸ்ட்டில் நோட் 10இல் தானும் எடுத்துவிட்டது. எதிர்த்திசையில் நடந்ததும் உண்டு. சோனி 2018இல் தன் உயர்விலைப் போன்களில் எடுத்த துளையை 2020இல் திரும்பக் கொடுத்தது.

இந்த வரிசையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. துளை முதலில் காணாமல் போனது விலை உயர்ந்த போன்களில். குறைந்த விலைப் போன்கள் பலவற்றில் அது இன்றும் இருக்கிறது.

நிறுவனங்கள் சொல்லும் காரணங்கள்

மாணவர்களிடம் பேசும்போது ஒரு தரப்பை மட்டும் சொல்லிவிடக் கூடாது. நிறுவனங்களின் காரணங்களில் உண்மையும் இருக்கிறது.

முதல் காரணம் இடம். செருகியின் உலோகப் பகுதி ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் நீளம். அது உள்ளே நுழைவதற்கான கூடு போனுக்குள் இருந்தாக வேண்டும். கைக்கடங்கும் கருவியில் இது பெரிய இடம். ஐபோன் 6எஸ்இல் 1,715 மில்லிஆம்பியர்-மணி அளவில் இருந்த மின்கலம், ஐபோன் 7இல் 1,960 ஆக உயர்ந்தது. துளை போனதால் மட்டுமே இது நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் மிச்சமான இடம் பயன்பட்டது.

இரண்டாவது, தண்ணீரும் தூசியும். ஒரு வழியை அடைத்தால் நீர் புகாமல் காப்பது எளிது. ஆனால் 2016இல் வந்த சாம்சங் எஸ்7 போனில் துளையும் இருந்தது, நீர் புகாத் தன்மையும் இருந்தது. ஆக, துளையோடு அதைச் செய்வது கடினம் என்று சொல்லலாம். முடியாது என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, கம்பியில்லாக் கருவிகளின் வசதி. இது வெறும் சொகுசு அல்ல. செவித்திறன் குறைந்த மாணவர் அணியும் நவீன செவித்துணைக் கருவிகள் பலவற்றில், போனிலிருந்து ஒலி புளூடூத் வழியாக நேராகவே வந்துசேர்கிறது. சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளுக்கு, இழுத்து அறுக்கக் கம்பி இல்லாததே பெரிய நிம்மதி. இந்தப் பயன்களை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. கம்பியில்லா வசதியைக் கொடுக்கக் கம்பித் துளையை எடுத்தாக வேண்டுமா? புளூடூத் ஹெட்செட்டுகள் 2016க்குப் பல ஆண்டுகள் முன்பே, துளையுள்ள போன்களிலேயே இயங்கிவந்தன. துளை போன அதே காலத்தில் நிறுவனங்கள் தங்கள் சொந்தக் கம்பியில்லாக் காதணிகளை விற்கத் தொடங்கின என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிக்சல் 2 வந்தபோதே கூகுளின் பிக்சல் பட்ஸ் வந்தது. நோட் 10க்குச் சில மாதங்கள் முன்னர்தான் சாம்சங்கின் கேலக்ஸி பட்ஸ் வந்திருந்தது.

செலவு எங்கே போனது?

டிஜிட்டல் எண்களாக இருக்கும் பாட்டை மின்னோட்டமாக மாற்ற ஒரு சிறு மின்சுற்று தேவை. துளையுள்ள போனில் அது போனுக்குள்ளேயே இருக்கிறது. துளை இல்லாதபோது அந்த வேலை மறைந்துவிடுவதில்லை. இடம் மட்டும் மாறுகிறது. சி டைப் மாற்றிக்குள் அல்லது புளூடூத் காதணிக்குள் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. அதற்கான பணத்தை வாங்குபவர் தனியாகக் கொடுக்கிறார்.

ஐபோன் 7 பெட்டிக்குள் ஒரு மாற்றி இலவசமாகவே இருந்தது. 2018இல் வந்த போன்களின் பெட்டியில் அது இல்லை. 2020 அக்டோபரில் வந்த ஐபோன் 12 பெட்டியில் ஹெட்செட்டும் இல்லை, சார்ஜரும் இல்லை. 2023இல் ஐபோன் 15 சி டைப்புக்கு மாறியபோது, பழைய மாற்றிகள் புதிய போனுக்குப் பொருந்தாமல் போயின.

இந்தக் கடைசி மாற்றத்தில் ஒரு முரண் இருக்கிறது. ஆளுக்கொரு சார்ஜர் துளை இருந்தால் மக்களுக்குச் செலவு, குப்பையும் பெருகும் என்று கருதி, ஐரோப்பிய ஒன்றியம் போன்களுக்கு சி டைப்பைப் பொதுவாக்கிச் சட்டம் இயற்றியது. 2024 டிசம்பர் 28 முதல் அது நடைமுறையில் உள்ளது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் சி டைப்புக்கான இந்தியத் தரத்தை வெளியிட்டிருக்கிறது. ஆக, சார்ஜ் செய்யும் துளை உலகுக்கெல்லாம் பொதுவாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஏற்கெனவே பொதுவாக இருந்த கேட்கும் துளை மறைந்துகொண்டிருந்தது.

குப்பைக் கணக்கும் உண்டு. கம்பி ஹெட்செட்டில் மின்கலம் இல்லை. கம்பியில்லாக் காதணியில் இரண்டு காதுக்கு இரண்டு, பெட்டிக்கு ஒன்று என மூன்று மின்கலங்கள். அவை சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும். மிகச் சிறியவை என்பதால் மாற்றுவதும் கடினம்.

நம் வகுப்பறையில்

சரவணம்பட்டியில் சத்தி சாலையின் ஓரம் ஐடி நிறுவனங்களின் உயர்ந்த கட்டடங்கள் நிற்கின்றன. காலையில் அங்கே இறங்குவோரின் காதுகளில் வெள்ளைக் காதணிகள் தெரியும். அதே சாலையில், கணபதிப் பக்கம் பட்டறைக்கும் பவுண்டரிக்கும் வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் நம் பள்ளிக்கு நடந்து வருகிறார்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் இணைக்கும் பொருள் ஒன்று இருக்கிறது. அது பழைய போன்.

முதலாமவர் நான்கைந்து ஆண்டு பயன்படுத்திவிட்டு மாற்றும் போன், காந்திபுரம் கடைகளின் வழியாகவோ வேலை செய்யும் வீட்டின் வழியாகவோ இரண்டாமவர் வீட்டுக்கு வந்துசேர்கிறது. வரும்போது பெட்டி இருக்காது, மாற்றியும் இருக்காது. உயர்விலைப் போனில் எடுக்கப்பட்ட துளை, சில ஆண்டுகள் கழித்து இப்படித்தான் நம் மாணவர் வீட்டில் இல்லாமல் போகிறது. முடிவு எடுத்த இடம் ஒன்று, அதைச் சுமக்கும் இடம் வேறொன்று.

இதனால் படிப்புக்கு என்ன நட்டம்? ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டை எண்ணிப் பாருங்கள். தொலைக்காட்சி ஓடுகிறது, தம்பி அழுகிறான். பாடநூலில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து காணொலியைத் திறக்கும் மாணவிக்கு, நூறு ரூபாய் ஹெட்செட் ஒன்றுதான் தனியறை. அது செருக இடமில்லை என்றால் அவள் ஒலியைக் கூட்டிவைக்க வேண்டும், அல்லது நிறுத்திவிட வேண்டும். பெரும்பாலும் நிறுத்திவிடுகிறாள். ஆங்கிலப் பாடத்தின் கேட்டல் பயிற்சியில் இதன் விளைவை நான் பார்க்கிறேன். எழுத்தில் நன்றாக வரும் பிள்ளைகள் சிலர், கேட்டு விடை சொல்வதில் தடுமாறுகிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு துளையே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டல் என்பது திரும்பத் திரும்பக் கேட்டால் மட்டுமே வளரும் திறன். அதற்கு அமைதியான காது வேண்டும்.

வகுப்பில் குழுவாகக் கேட்பதிலும் வேறுபாடு உண்டு. பிரிப்பான் ஒன்றை ஒரு துளையில் செருகினால் நான்கு பேர் ஒரே போனில் கேட்கலாம். புளூடூத்தில் ஒவ்வொரு கருவியையும் பெயர் பார்த்து இணைக்க வேண்டும், சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒலி சற்றுத் தாமதமாக வருவதால் வாயசைவும் ஒலியும் விலகுவதுண்டு. உச்சரிப்புப் பயிற்சியில் இந்த விலகல் குழந்தையைக் குழப்பும்.

வானொலிக்கு அதுவே ஏரியல்

துளையோடு போன இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. போனில் உள்ள பண்பலை வானொலிக்கு ஹெட்செட் கம்பிதான் ஏரியல். ஏன் என்பதைப் பாடமாகவே கணக்கிடலாம். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால்பங்கு 75 சென்டிமீட்டர். நல்ல ஏரியலுக்கு ஏறக்குறைய இந்த நீளம் வேண்டும். போனுக்குள் அதற்கு இடமில்லை. காதிலிருந்து சட்டைப்பைவரை தொங்கும் கம்பியில் இருக்கிறது.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைத் தாக்கியபோது மின்கம்பங்கள் சாய்ந்தன, செல்போன் கோபுரங்கள் செயலிழந்தன. அத்தகைய நாளில் இணையத்தின் வழியே வரும் எந்தச் செயலியும் பேசாது. வானொலிக்கு அந்தக் கோபுரம் தேவையில்லை. 2023இல் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், போன்களில் உள்ள பண்பலை வானொலி வசதியை முடக்காமல் வைத்திருக்குமாறு உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. பேரிடர்க் காலத்தை அது ஒரு காரணமாகக் காட்டியது. வானொலிச் சில்லு உள்ளே இருந்தாலும், ஏரியல் செருக வழியிருந்தால்தானே அது பயன்படும்?

ஆசிரியர்கள் செய்யக்கூடியவை

பள்ளிக்கு ஹெட்செட் வாங்கும்போது சி டைப் ஹெட்செட்டைவிட 3.5 மில்லிமீட்டர் ஹெட்செட்டே நல்லது. கணினி, மடிக்கணினி, பழைய போன் எல்லாவற்றிலும் அது பொருந்தும். துளையில்லாத போனுக்கு மாற்றி ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். கணினியில் மைக்குக்குத் தனித் துளை இருந்தால், நான்கு தொடுகை ஹெட்செட்டில் ஒலி மட்டும் கேட்கும். மைக்கும் வேண்டுமென்றால் இரண்டாகப் பிரிக்கும் இணைப்பி தேவை.

சி டைப் மாற்றிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் எண்களை மின்னோட்டமாக்கும் சில்லு உள்ளேயே இருக்கும். மற்றொன்றில் வெறும் கம்பி இணைப்பு மட்டும் இருக்கும். இரண்டாவது வகை எல்லாப் போனிலும் வேலை செய்யாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால், கடையிலேயே உங்கள் போனில் செருகிக் கேட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். கேட்டுக்கொண்டே சார்ஜ் செய்ய வேண்டுமானால், இரண்டு வாய் உள்ள மாற்றியைக் கேளுங்கள். நீண்ட இணையவழிப் பயிற்சிகளில் இது நமக்கே தேவைப்படும்.

பழைய ஹெட்செட்டுகளை எறியாதீர்கள். அவற்றை வைத்து வகுப்பில் நான் செய்யும் செயல்பாடுகள் சில:

1. மல்டிமீட்டரால் செருகியின் நுனிக்கும் பொதுத் தொடுகைக்கும் இடையே மின்தடையை அளத்தல். பல ஹெட்செட்டுகளில் இது 16 அல்லது 32 ஓம் அளவில் வரும்.

2. பிரிப்பானில் நான்கு ஹெட்செட் செருகினால் அது பக்க இணைப்பு. ஒவ்வொன்றும் 32 ஓம் என்றால் மொத்தம் 8 ஓம். போன் நான்கு மடங்கு மின்னோட்டம் தர வேண்டியிருக்கிறது. அதனால் தர முடியாதபோது ஒலி தாழ்கிறது. பக்க இணைப்பின் சூத்திரத்தைக் காதாலேயே கேட்டுவிடலாம்.

3. மைக் இல்லாத இயர்போனைக் கணினியின் மைக் துளையில் செருகி, அதற்குள் பேசிப் பதிவுசெய்தல். மெலிதாக என்றாலும் குரல் பதிவாகும். மின்னோட்டம் சவ்வை அசைப்பதுபோல, சவ்வின் அசைவும் மின்னோட்டத்தை உண்டாக்கும். மின்காந்தத் தூண்டலுக்கு இதைவிட எளிய சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

4. வகுப்பு விவாதம். 'துளை வேண்டும், வேண்டாம்' என்று இரண்டு அணி பிரித்தால் சத்தம்தான் மிஞ்சும். மாறாக ஆறு குழுக்களாகப் பிரியுங்கள்: போன் தயாரிப்பாளர், போன் வாங்குபவர், பழைய போன் விற்கும் கடைக்காரர், செவித்துணைக் கருவி அணிந்த மாணவர், மின்கழிவு சேகரிப்பவர், வானொலி கேட்கும் பாட்டி. ஒவ்வொரு குழுவும் இரண்டு கட்டம் நிரப்ப வேண்டும்: எனக்கு என்ன கிடைத்தது, நான் என்ன கொடுத்தேன்.

இந்த நான்காவது செயல்பாட்டில் கடைக்காரர் குழு வழக்கமாக வேகமாக நிரப்பிவிடும். மாற்றி விற்கலாமே! பாட்டி குழு நெடுநேரம் யோசிக்கும். ஒருமுறை ஒரு மாணவி எழுதினாள்: "எனக்கு எதுவும் கிடைக்கலைங்க. என்கிட்ட யாரும் கேக்கவும் இல்லைங்க."

புதிய தொழில்நுட்பம் வந்தால் அதை வரவேற்பதா எதிர்ப்பதா என்று மாணவர்கள் நம்மிடம் கேட்பார்கள். இரண்டுமே அவசரமான பதில்கள். யாருக்கு என்ன கிடைத்தது, யார் அதற்குச் செலவழித்தார்கள், யாரைக் கேட்டார்கள் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை ஒரு சிறு துளையை வைத்தே தொடங்கலாம். நாளை வேறொரு வசதி வரும், வேறொன்று போகும். அப்போது அந்தக் கேள்விகளை நம் மாணவர்கள் தாங்களாகவே கேட்பார்கள் என்றால், நாம் நடத்திய பாடம் அவர்களிடம் சேர்ந்துவிட்டது என்று பொருள்.